மட்டக்களப்பு வாவிக்கரையில் பேசும் படமும் மின்சாரமும்

மட்டக்களப்பு வாவியைப் பற்றி எழுத அமர்பவர் எவரும் பாடும் மீன்களைத் தொடாமல் அப்பால் செல்வதில்லை. அந்த மரபை நானும் மீறவில்லை. இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ட் 1848ஆம் ஆண்டு மட்டக்களப்புக்கு வந்தபோது, இரவில் தோணியேறிச் சென்று அந்த ஒலியைக் கேட்டார். 1859இல் வெளியான தமது இலங்கை பற்றிய நூலில் அதை விபரித்துமுள்ளார். தோணியின் மரத்திலே காதை வைத்தபோது ஒலி மேலும் துலக்கமாயிற்று என்பது அவர் தரும் குறிப்பு. நமது மீனவர்கள் இதே காரியத்தைத் துடுப்பினால் செய்வார்கள். துடுப்பின் ஒரு முனை நீரில், மறு முனை காதில். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, அமெரிக்க இயேசுசபைத் துறவியான லாங் அடிகளார் அந்த ஒலியைப் பதிவுசெய்தார். 1960களில் இலங்கை வானொலி அதை ஒலிபரப்பியது.

மீனின் பாட்டைக் கேட்கத் துடுப்பு ஒன்றே போதும். சினிமாப் பாட்டுக்கு மின்சாரம் வேண்டும். எங்கள் பகுதியில் அந்த மின்சாரம் எப்படி வந்தது, எப்படி நின்றது, நின்றபோது யார் என்ன செய்தார்கள் என்பதை எழுத வேண்டிய கடன் ஒன்று எனக்கு இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட கடன்.

2002ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் திகதி போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. பாதைகள் திறந்தன. வெளிநாடுகளில் இருந்தவர்கள் ஊர் பார்க்க வந்தார்கள். கொழும்பில் பத்திரிகையாளனாக இருந்த நானும் 2003இல் ஊருக்கு வந்தபோது, நகரத் தியேட்டர் ஒன்றின் வாசலில் ‘டிடிஎஸ்’ என்று பெரிதாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டு உள்ளே போனேன். படம் ஓடிய நேரம் முழுவதும் ஸ்பீக்கர்களில் ஒரு வண்டு ரீங்கரித்துக்கொண்டே இருந்தது. கொழும்புக்குத் திரும்பியதும் எனது பத்தியில் அதை எள்ளி எழுதினேன். ‘ஆறு திசையிலிருந்தும் வண்டுகள்’ என்பது போன்ற ஒரு வாக்கியம் அதில் இருந்தது. அன்று அது எனக்குப் பிடித்த வாக்கியம்.

என்னை அந்தத் தியேட்டருக்குள் இழுத்துப் போனது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது படுவான்கரையில். வாவிக்கு மேற்கே சூரியன் படும் கரை அது. கிழக்கே கடலோரம் எழுவான்கரை. நகரமும் ஆஸ்பத்திரியும் தியேட்டர்களும் அந்தக் கரையில் இருந்தன. எங்கள் பக்கம் வயலும் குளமும் கோயில்களும். என் சிறுவயதில் எங்கள் கிராமத்தில் மின்சாரம் கிடையாது. படம் பார்க்க வேண்டுமென்றால் மண்முனைத் துறையில் ‘பாதை’ ஏறி அக்கரை சேர்ந்து, ஆரையம்பதியில் பஸ் பிடித்து நகருக்குப் போகவேண்டும். பாதை என்பது வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்கு எங்கள் ஊர் வைத்திருந்த பெயர். சுபராஜ், சாந்தி என்ற தியேட்டர்ப் பெயர்கள் எங்களுக்கு நகரத்தின் பெயர் போலவே ஒலித்தன.

போக முடியாதவர்களுக்கு ஒலி மட்டும் வந்து சேர்ந்தது. அக்கரைக் கோயில் திருவிழாக்களில் கட்டிய ஒலிபெருக்கிகளின் பாட்டு இரவில் நீரைக் கடந்து எங்கள் வாசலுக்கு வரும். பகலில் கேட்காது. பொழுதுபட்ட பின் நீரையொட்டிய காற்று குளிர்ந்து, மேலேயுள்ள காற்று வெப்பமாக இருக்கும்போது ஒலி மேல்நோக்கிச் சிதறாமல் வளைந்து நீர்ப்பரப்பை ஒட்டியே பயணம் செய்யும் என்று பின்னர் படித்தேன். அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், விளக்கெரியும் கரையிலிருந்து பாட்டு வருகிறது, இருட்டுக் கரையில் நாங்கள் பாயில் படுத்துக்கொண்டு கேட்கிறோம் என்பதுதான்.

பேசும் படம் தொடக்கத்திலிருந்தே மின்சாரத்துக்குக் கட்டுப்பட்ட பண்டம். மௌனப் படத்துக்கு ஒரு விளக்கும் கையால் சுற்றும் கருவியும் போதும். 1927இல் அமெரிக்காவில் ‘த ஜாஸ் சிங்கர்’ வெளியாகி, 1931 ஒக்டோபர் 31இல் சென்னையில் ‘காளிதாஸ்’ தமிழ் பேசியபோது நிலைமை மாறிவிட்டது. அக்காலத்து அமெரிக்கத் தியேட்டர்களில் பற்றரிகளுக்கென்றே தனி அறை இருந்தது. ஒலிப்பட்டையை வாசிக்கும் சிறு விளக்குக்கும், வால்வுகளின் இழைகளுக்கும், ஸ்பீக்கருக்குங்கூட நேரோட்ட மின்சாரம் தேவைப்பட்டது. ஸ்பீக்கருக்கு எதற்கு மின்சாரம் என்று கேட்கத் தோன்றும். வலுவான நிலைக்காந்தங்கள் அன்று கிடைக்கவில்லை. ஆகவே ஸ்பீக்கரின் முதுகில் கம்பிச்சுருள் ஒன்றை வைத்து, அதில் மின்னோட்டத்தைச் செலுத்தி மின்காந்தமாக்கினார்கள். வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் புகழ்பெற்ற 555 என்ற ஒலிப்பானுக்கு 7 வோல்ற்றில் 1.5 அம்பியர் தேவைப்பட்டது. பாடுவதற்கு முன் அதற்குச் சோறு போடவேண்டும்.

இலங்கையில் சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனத்தை 1928இல் தொடங்கினார். புகையிரதம் மட்டக்களப்புக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். கல்லடியில் வாவிக்குக் குறுக்கே சீமாட்டி மனிங் பாலம் 1924இலேயே திறக்கப்பட்டிருந்தது. படப்பெட்டி வருவதற்கு வழி அமைந்துவிட்டது. அந்தப் பெட்டிக்குள் இருந்ததைப் பேசவைப்பது வேறு வேலை. அதை நான் அறிந்தது, என் பத்தி வெளியாகிச் சில வாரங்களின் பின் அதே தியேட்டரின் ஒப்பரேட்டர் அறைக்குள் அழைக்கப்பட்டபோது.

அழைத்தவர் அங்கே தலைமை ஒப்பரேட்டராக இருந்தவர். 1960களில் றீல் சுற்றும் பையனாகச் சேர்ந்தவர். பெயரை எழுதாததற்குக் காரணம் உண்டு, பின்னால் வருகிறது. கோபமாக இருப்பார் என்று எண்ணிப் போனேன். “வாங்க தம்பி, வண்டு எங்க இருக்கெண்டு காட்டுறன்” என்றார்.

முதலில் காட்டியது ஒலி பிறக்கும் இடத்தை. 35 மில்லிமீற்றர் படச்சுருளின் ஓரத்தில், துளைகளுக்கும் படத்துக்கும் நடுவே, ஏறத்தாழ இரண்டரை மில்லிமீற்றர் அகலத்தில் ஒலிப்பட்டை ஓடுகிறது. சிறு விளக்கொன்றின் ஒளி மெல்லிய கீறலாக அதன்மேல் விழ, பட்டையின் நெளிவுக்கேற்ப அவ்வொளி கூடிக் குறைந்து மறுபக்கத்து ஒளிக்கலத்தில் படுகிறது. அங்கே பிறப்பது ஒரு அம்பியரின் இலட்சத்தில் சில பங்கு அளவேயான மின்னோட்டம். அதை அம்பிளிபயர் வளர்த்துத் திரைக்குப் பின்னால் நிற்கும் ஸ்பீக்கர்களுக்கு அனுப்புகிறது. திரையில் ஊசிக்கண் போலத் துளைகள் இருப்பது ஒலி வெளியே வருவதற்காக. படம் கருவியின் வாயிலில் விட்டுவிட்டு நின்று போகவேண்டும், ஒலிப்பட்டையோ நிற்காமல் சீராக ஓடவேண்டும். அதனால் ஒரு காட்சிக்குரிய ஒலி அந்தக் காட்சிக்கு இருபது சட்டங்கள் அளவு முன்தள்ளிப் பதியப்பட்டிருக்கும். கதாநாயகி வாய் திறப்பதும் குரல் வருவதும் பொருந்தவில்லையென்றால் படச்சுருளைக் கோத்த வளையத்தின் அளவு பிசகிவிட்டது என்று பொருள். நாங்கள் கீழேயிருந்து விசிலடிக்கும்போது மேலே அவர் விரலால் அளந்துகொண்டிருப்பார்.

அந்தச் சிறு விளக்குத்தான் எல்லாவற்றுக்கும் மூலம். 10 வோல்ற், 5 அம்பியர். அதற்கு ஆடலோட்டத்தை நேரடியாகக் கொடுத்தால் நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரம் ஒரு செக்கனுக்கு 100 தடவை விளக்கை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஒளிக்கலம் விடாது, அதையும் பாட்டென்று எடுத்துக்கொண்டு அம்பிளிபயருக்கு அனுப்பும். எனவே சீராக்கி வைத்து நேரோட்டமாக மாற்றியே கொடுக்கவேண்டும். சீராக்கி கிழடாகினால் முதல் வண்டு அங்கே பிறக்கும்.

படத்துக்கான ஒளியோ பெரும் பசிக்காரன். கரித்துண்டுகள் இரண்டுக்கிடையே எரியும் அந்தச் சுடருக்கு ஐம்பது அம்பியர் அளவில் வேண்டும். நகர மின்சாரம் இருக்கும்வரை கவலையில்லை. ஜெனரேற்றரில் ஓட்டும்போது, கரியைப் பற்றவைத்த கணத்தில் எஞ்சின் திணறும். எஞ்சின் வேகம் குறைந்தால் மின்சாரத்தின் அதிர்வெண் குறையும். அதிர்வெண் குறைந்தால் படக்கருவியின் மோட்டார் மெதுவாகும். நிமிடத்துக்கு 90 அடி ஓடவேண்டிய சுருள் 85 அடி ஓடினால் படத்தில் எவருக்கும் வித்தியாசம் தெரியாது, ஆனால் பி. சுசீலாவின் குரல் தடித்துவிடும். “கண்ணை ஏமாத்தலாம் தம்பி, காதை ஏமாத்த ஏலாது” என்றார். ஆகையால் அவர் செய்த ஒழுங்கு இது: மூடியைத் திறக்காமலே கரியைப் பற்றவைத்து, எஞ்சின் மூச்செடுத்துத் தன் வேகத்துக்குத் திரும்பும்வரை காத்திருந்து, அதன் பிறகே மோட்டாரை ஓடவிடுவது. ஒரு றீல் முடிந்து அடுத்த கருவிக்கு மாறும்போதெல்லாம் இதுதான். 2000 அடி றீல் ஒன்று இருபத்திரண்டு நிமிடம் ஓடும். அப்படியென்றால் ஒரு தமிழ்ப் படத்துக்கு எத்தனை தடவை என்று வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு வந்த சூறாவளியை என் வயதினர் மறக்கமாட்டார்கள். ஏறத்தாழ 900 பேரைக் கொண்டுபோன காற்று அது. விடிந்தபோது எங்கள் கிராமத்தில் நிமிர்ந்து நின்ற தென்னைகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. நகரில் மின்கம்பங்கள் வீழ்ந்து கிடந்தன. அந்தத் தியேட்டரின் கூரைத் தகடுகள் பறந்து, ஒப்பரேட்டர் அறைக்குள் மழை இறங்கியிருந்தது. ஸ்பீக்கரின் கூம்பு காகிதம், அது போய்விட்டது. அம்பிளிபயரின் மின்மாற்றிகளைக் கழற்றிச் சில நாட்கள் வெயிலில் வைத்தார்கள். மார்கழி வெயிலில் என்ன காயும்? கடைசியில் அவற்றைச் சாக்கில் சுற்றி, தெரிந்த பேக்கரி ஒன்றின் போறணையில், பாண் சுட்டு முடித்த பின் தணிந்திருந்த சூட்டில், இரவிரவாக வைத்து எடுத்தாராம். மூன்று இரவுகள். அதில் இரண்டு பிழைத்தன. மீண்டும் கூரை போட்டுப் படம் ஓடத் தொடங்கியபோது, நிவாரண வரிசையில் நின்ற சனமும் வந்து நின்றது என்றார்.

1983க்குப் பின் கதை வேறு. அதை நான் பலமுறை செய்தியாக எழுதியிருக்கிறேன், இங்கே நீட்ட விரும்பவில்லை. ஊர்களில் டெக்கையும் டீவியையும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேற்றரில் விடிய விடிய மூன்று படம் பார்க்கும் பழக்கம் பரவியது. படுவான்கரைக்குச் சினிமா முதன்முதலில் படமாகவும் வந்து சேர்ந்தது அப்படித்தான். நகரத் தியேட்டர்கள் சில பூட்டப்பட்டன, சில திறந்தும் பூட்டியும் காலம் தள்ளின. எந்த நேரத்தில் மின்சாரம் நிற்கும் என்று சொல்ல இயலாது. அது நிற்பதற்குச் சற்று முன் தூரத்தில் ஒரு சத்தம் கேட்டிருந்தால், நின்றதன் பொருளே மாறிவிடும்.

அப்படியொரு மாலையை அவர் விபரித்தார். வெளியே வெடிச்சத்தம். அடுத்த கணம் விளக்கு, படம், ஒலி மூன்றும் ஒருசேரப் போயின. சில செக்கன்கள் மயான அமைதி. பிறகு முன்வரிசையில் ஒரு பிள்ளை அழுதது. உடனே முழுக்கூட்டமும் எழுந்து வாசலை நோக்கி ஓடியது. வாசல் ஒன்றுதான். வெளியே வீதியில் துப்பாக்கியோடு நின்றவர்களும் சத்தம் கேட்டுப் பதறிப்போய் நின்றவர்கள். இருட்டில் நூற்றுக்கணக்கானோர் தங்களை நோக்கி ஓடிவந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? அன்று நெரிசலில் சிலருக்குக் கைகால் முறிந்ததோடு போயிற்று.

“இருட்டெண்டா சனம் இருக்கும் தம்பி. சத்தமில்லாட்டியும் இருக்கும். ரெண்டும் ஒண்டாப் போனா இருக்காது. மறுகா நான் யோசிச்சன், வெளிச்சத்துக்கு நான் என்ன செய்யிற? சத்தத்துக்கு ஏதும் செய்யலாம்.”

அவர் செய்தது இது. கோயில்களில் ஒலிபெருக்கி கட்டுவோர் பயன்படுத்தும் இந்திய அகூஜா அம்பிளிபயர் ஒன்றைத் தேடி வாங்கினார். அது 230 வோல்ற்றிலும் ஓடும், 12 வோல்ற் கார் பற்றரியிலும் ஓடும். அதோடு ஒரு பழைய கசற் பிளேயர். திரைக்குப் பின்னாலுள்ள பெரிய ஸ்பீக்கருக்குப் போகும் கம்பியின் நடுவே ஒரு றிலேயை வைத்தார். மெயின் மின்சாரம் இருக்கும்வரை றிலே இழுபட்டு நின்று ஸ்பீக்கரைத் தியேட்டர் அம்பிளிபயரோடு சேர்த்து வைத்திருக்கும். மின்சாரம் நின்றால் றிலே தன்பாட்டில் விடுபட்டு, ஸ்பீக்கரை பற்றரி அம்பிளிபயரின் 16 ஓம் முனைக்கு மாற்றிவிடும். கசற்றும் அதே விடுபடலில் ஓடத் தொடங்கும். எவரும் எழுந்து எந்த ஆளியையும் தேடத் தேவையில்லை. விளக்கு அணைந்து கண் சிமிட்டுவதற்குள் இருட்டில் ஒரு பாட்டு வந்துவிடும்.

தியேட்டர் ஸ்பீக்கர்கள் பழைய கொம்பு வகை, சிறிய ஆற்றலுக்கே பெரிய சத்தம் தருபவை. ஆகவே பற்றரியில் முப்பது வாட்டே தாராளம். என்ன பாட்டுப் போட்டீர்கள் என்று கேட்டேன். “சோகப்பாட்டுப் போடயில்ல” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பின் எத்தனையோ தடவை மின்சாரம் நின்றிருக்கிறது. சனம் நாற்காலியில் இருந்தபடியே பாட்டைக் கேட்டது. சிலர் கூடவே பாடினார்களாம். வீதி அமைதியானதும் காவலாளி வந்து வரிசை வரிசையாக எழுப்பி அனுப்புவார்.

இனி எனது வண்டு. டிடிஎஸ் என்பது 1993இல் ‘ஜுராசிக் பார்க்’ படத்தோடு வந்த முறை. ஒலி படச்சுருளில் இருக்காது, தனி இறுவட்டில் இருக்கும். சுருளின் ஓரத்தில் புள்ளியும் கோடுமாக ஒரு நேரக்குறி மட்டும் இருக்கும். அதைப் படித்து, இறுவட்டு படத்தோடு பொருந்தி ஓடும். வாசிக்கும் பெட்டி உண்மையில் ஒரு கணினி. மின்சாரம் நின்று ஜெனரேற்றருக்கு மாறினால் அது மீண்டும் எழுந்து வரச் சற்று நேரம் எடுக்கும். அதுவரை பழைய ஒலிப்பட்டையும் பழைய அம்பிளிபயருமே படத்தைப் பேசவைக்கவேண்டும். அவற்றை அணைத்து வைத்தால் சூடாகி எழ அவையும் நேரம் எடுக்கும். எனவே அவர் பழையதை எப்போதும் உயிரோடு வைத்திருந்தார். பழையதற்கு ஒரு புவித்தொடுப்பு, புதியதற்கு நிறுவனத்தார் போட்ட இன்னொரு புவித்தொடுப்பு. இரண்டையும் ஒலிக்கம்பிகள் இணைக்கும்போது, மண் வழியாக ஒரு வளையம் உருவாகி, அதில் மெயின் மின்சாரத்தின் இரைச்சல் சுற்றிவரும். நான் கேட்ட வண்டு அதுதான்.

“ஒரு பக்கத்தைக் கழட்டினா வண்டு போயிரும். கழட்டினா மறுகா கரண்ட் அடிக்கும், இல்லாட்டி நிண்ட நேரத்தில சத்தம் வராது. எது வேணும்?”

புவித்தொடுப்புக் குழாயைச் சுற்றி உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றுவது அவருடைய வழக்கம். வாவியோரத்து நிலத்தடி நீரில் உப்பு இருப்பதால் மின்சாரம் நன்றாக இறங்கும், ஆனால் குழாய் விரைவில் அரித்துப்போகும். ஆடி, ஆவணியில் மேல்மணல் வரண்டு நீர் கீழே போனதும் ரீங்காரம் கூடும். வாடைக்கால மழை விழுந்ததும் குறையும். நான் படம் பார்த்தது ஆவணியில். “மார்கழியில வந்து கேட்டுட்டு எழுதுங்க” என்றார்.

திருத்தம் எழுதுகிறேன், உங்கள் பெயரையும் றிலேயையும் சேர்த்து எழுதுகிறேன் என்றேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது. பற்றரி, கம்பி, றிலே. சோதனைச் சாவடிகளில் இந்த மூன்றையும் ஒன்றாக வைத்திருந்தவனுக்கு அன்று வேறு பெயர். புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குப் பற்றரி கொண்டுபோவதே தடைசெய்யப்பட்டிருந்த ஆண்டுகள் அவை. போர்நிறுத்தம் எவ்வளவு நாள் நிற்கும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் அந்த றிலேயை ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் வைத்து, மேலே பழைய டிக்கெட் அடிக்கட்டைகளைப் பரப்பியிருந்தார். “அதை எழுதாதீங்க தம்பி. வண்டை எழுதினது எழுதினதாவே கிடக்கட்டும்.”

நான் எழுதவில்லை. 2007இல் படுவான்கரை அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. அடுத்த ஆண்டுகளில் எங்கள் கிராமத்துக்கு மின்சாரமும் வந்தது. 2014இல் மண்முனையில் ஜப்பானிய உதவியோடு பாலம் திறக்கப்பட்டு, பாதைக்கு வேலை இல்லாமல் போயிற்று. படச்சுருள் போய் வன்தட்டில் படம் வந்தபோது அவர் ஓய்வுபெற்றிருந்தார். 2016இல் காலமானார். அவர் வீட்டுக்குப் போனபோது அகூஜா அம்பிளிபயர் இன்னமும் இருந்தது, பேரப்பிள்ளைகள் அதில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிஸ்கட் தகரத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரியவில்லை.

அவர் சொன்னபடி 2003 மார்கழியில் அதே தியேட்டருக்குப் போனேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டரை மணி நேரம் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். வண்டு இல்லை.